மோதிரம் தொலைந்தால்

முன்பின் தெரியாதவர் ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கினால் பையை மடிக்கு எடுத்துக்கொள்வது என் வழக்கம். தாலுகா அலுவலகத்தில் மனு வாங்கியே ஓய்வு பெற்றவன் நான்.

மசினகுடி பேருந்தில், குளிருக்குக் கோட்டுப் போட்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். ஆண்கள் போடும் ஸ்வெட்டர், தேயிலைக் கறை ஏறிய விரல்கள், ஒரு காதில் மட்டும் இயர்போன். உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“இஃப் யூ லாஸ்ட் யுவர் ரிங் இன் தி ரூம், வுட் யூ சஸ்பெக்ட் மீ, சார்?”

அறையில் மோதிரம் தொலைந்தால் என்னைச் சந்தேகப்படுவீர்களா என்கிறார்! விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காலடியில் இருந்த பையும் மடிக்கு வந்தது.

அவர் சிரித்தார். “பயந்துட்டீங்களா? ரிசார்ட்டுல ரூம் கூட்டுற வேலைங்க, இன்னிக்கு இன்டர்வியூ. இப்பிடி நடந்தா என்ன பண்ணுவேன்னு இங்கிலீசுலதான் கேப்பாங்க. போன வாட்டி பேச்சே வரல, திரும்ப எஸ்டேட்டுக்கே போயிட்டேன்.”

“சாவி யார்கிட்ட இருந்துச்சோ அவங்களத்தான் மொதல்ல விசாரிக்கணும். அதுதான் நடைமுறை,” என்றேன்.

“மேனேஜர்கிட்டயும் ஒரு சாவி இருக்குமுங்களே, சார்?”

விதிப்படி மேனேஜரையும் விசாரிக்கலாம், வழக்கத்தில் யாரும் விசாரிப்பதில்லை.

மசினகுடியில் இறங்கும்போது இன்னொரு கேள்வி கேட்டார். அதுவும் ஆங்கிலத்தில்தான், நிறுத்தி நிதானமாக. நீங்கள் போட்டிருக்கும் இந்தக் கோட்டை நான் போட்டிருந்தால், அந்தப் பை கீழேயே இருந்திருக்குமா?

இன்டர்வியூ என்ன ஆனதோ தெரியாது. பையைத் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. அந்தக் கேள்வியைப் பயிற்சிக்காகத்தான் கேட்டாரா என்பதில் மட்டும் எனக்கு இன்றுவரை சந்தேகம்.