பாலித்தீனும் கவிதா மேடத்தின் நகமும்

பாலித்தீன் மாதிரி ஒட்டுறவே இல்லாத ஜென்மத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பசை, பெயின்ட், அலுமினியம், எதோடும் சேராது. அதை மெஷினில் உருக்கி, ஒரு அமிலப் பவுடரை அதோடு கோத்து, ஒட்டுகிற குணத்தை வரவைப்பதுதான் ஓசூரில் என் பிழைப்பு. ஷிஃப்டு பார்க்கிற சக பாவிகளே, கேளுங்கள்.

கண்ணீர் ஷிஃப்டு

அந்தப் பவுடரின் நெடி இருக்கிறதே, மாஸ்க் போட்டாலும் கண்ணாடி போட்டாலும் எப்படியாவது கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சேர்ந்த புதிதில், கெலமங்கலம் பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பக்கத்து சீட்டில் கொத்தமல்லிக் கட்டோடு இருந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, என் முதுகைத் தட்டிச் சொன்னார்: "வுடு கண்ணு, உன்ன வேணாம்னு சொன்னவளுக்குத்தான் நஷ்டம்."

உரித்த தோல்

எங்கள் சரக்கை வாங்க இருந்தது, அதை நடுவில் வைத்து அலுமினியத் தகட்டில் பிளாஸ்டிக்கை ஒட்டி, கடை முகப்புக்குப் பலகை செய்கிற கம்பெனி. அங்கே தரம் பார்ப்பவர் கவிதா மேடம். அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒட்டியதை நகத்தால் உரித்துப் பார்ப்பார். முதல் சாம்பிள் உரிந்தது. இரண்டாவதும் உரிந்தது.

தப்பு என்னுடையதுதான். நெடி போகட்டும் என்று பவுடர் மூட்டையைத் திறந்து ஷட்டர் ஓரம் வைத்திருந்தேன்; ஓசூர் பனிக்காற்றில் பவுடர் நமத்து வீரியம் போயிருந்தது. மூன்றாவதும் போனால் லைனை மூடிவிடுவோம், நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்று எங்கள் மேனேஜர் சொல்லிவிட்டார். மேடமோ உரித்த துண்டை என் கையில் வைத்துச் சொன்னார்: "வாழப்பழத் தோல் கூட இதைவிடக் கொஞ்சம் அடம் புடிக்கும்ங்க."

ஆறு மணி பஸ்

மூன்றாவது சாம்பிளுக்குப் புது மூட்டை பிரித்தோம். அருமையாக வந்தது. ஓட்டம் முடிந்ததும் வெறும் பாலித்தீனை ஓட்டி மெஷினைக் கழுவிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நான் சந்தோஷத்தில் அப்படியே நிறுத்திவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால், மெஷின் வாயில் சரக்கு கல்லாக இறுகிக் கிடக்கிறது. நானும் ஃபிட்டர் மாதப்பாவும் பித்தளைச் சுரண்டியோடு மல்லுக்கட்டும்போது, சாம்பிள் வாங்க மேடம் வந்து நிற்கிறார், பின்னால் மேனேஜர். தொலைந்தோம் என்று நினைத்தேன். மேடம் குனிந்து, வழக்கம்போல இறுகிய சரக்கின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். மறுபடியும் நெம்பினார். பிறகு விரலை உதறிக்கொண்டே சொன்னார்: "நகம் போச்சு மேனேஜர் சார், ஆர்டர் அனுப்பிடறேன்."

அந்த மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்ய எங்களுக்கு மூன்று நாள் ஆனது. ஒட்டவைக்கத்தான் சம்பளம், ஒட்டியதைப் பிரிப்பதெல்லாம் நம் தலையெழுத்து.