கார்பரேட்டரில் கட்டிய பெயர்ச் சீட்டுகள்

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார்கள். "அவிய கூட அதிகமா சண்ட போட்டவ நீதான். ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பது அவர்கள் கட்சி. சென்னையில் இருக்கும் அண்ணன் மகன் போனில், "அத்தை, நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, காரைப் பத்தி மட்டும் எழுதிராதீங்க" என்றான். காரை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி என்னத்தை எழுத? மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில். அப்பாவுக்கு மானாவாரி நிலம். உளுந்தும் பருத்தியும் போடுவார். இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றியதில் அண்ணனின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை, நிற்க அவர் விடவில்லை. கோவில்பட்டியில் மூடை அடுக்கிவைக்கும் ஒரு பருத்திக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். வந்து இறங்கும் ஒவ்வொரு மூடைக்கும் அதை விளைவித்த சம்சாரியின் பெயரை எழுதி, சணல் போட்டுச் சீட்டுக் கட்டுகிற வேலை. கடைசி வரை அந்த வேலைதான். ஒரு மூடை ஆள் மாறிப் போனதில்லை என்பார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்தது. உப்பு டப்பாவில் 'உப்பு', சீனி டப்பாவில் 'சீனி', என் குடையில் 'தங்கச்சி'. எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான் ஆசிரியை ஆனேன். வரன்கள் வந்தன, போயின. நான் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் என்னைக் கண்ணால் காட்டி, "இவ இன்னும் உங்க கூடத்தானா?" என்று அண்ணனிடம் கேட்பார்கள். அண்ணன், "சாப்டீங்களா? பந்தி போட்டாச்சே" என்று நகர்ந்துவிடுவார். என் தங்கை என் வீட்டில் இருக்கிறாள், உங்களுக்கு என்ன என்று ஒரு தடவை கூட அவர் சொன்னதில்லை. அது எனக்கு ஆறாத குறை. அவர் உயிரோடு இருக்கும்போது நானும் கேட்கவில்லை.

இனி கார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வெள்ளைப் பெட்ரோல் காரை வாங்கி வந்தார். கார்பரேட்டர் வண்டிதான், ஆனால் புகையைக் குறைக்கவென்று சைலன்சர் பாதையில் ஒரு வடிகட்டியும், எஞ்சினைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக ரப்பர் குழாய்களும் வைத்துக் கம்பெனியில் கொடுத்திருந்தார்கள். யாரோ ஒரு மெக்கானிக் அதைப் பார்த்து, "அண்ணாச்சி, இதெல்லாம் வேண்டாத சாமான். எடுத்துப் போட்டா வண்டி பறக்கும்" என்றிருக்கிறான். அண்ணனும் மண்டையை ஆட்டிவிட்டார். வடிகட்டியை உருவி, ரப்பர் குழாய்களின் வாயில் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை வைத்து அடைத்து, வேறொரு வண்டியின் பெரிய கார்பரேட்டரை மாட்டிவிட்டார்கள். பறந்ததா? புகைதான் பறந்தது. பின்னால் வருகிறவன் திட்டாத நாளில்லை. கழற்றிய கார்பரேட்டரை மதினி, பூனை தள்ளாமலிருக்க மாவுச் சட்டியின் மூடி மேல் பாரமாக வைத்துவிட்டார்கள்.

வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டிய வருடம் வந்தது. அதற்கு, வண்டி விடுகிற புகை அளவோடுதான் இருக்கிறது என்று புகைச் சீட்டு வேண்டும். சைலன்சருக்குள் புகை அளக்கிற குச்சியை விட்டுப் பார்த்தால், சீட்டுக் கொடுக்கிற நாலு இடத்திலும் ஃபெயில். ஒருவர், "வண்டியவே கொண்டாராண்டாம், நம்பர மட்டும் சொல்லுங்க, சீட்டு தாரேன்" என்றார். ஊரே அப்படித்தான் வாங்குகிறது. அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார்.

"மூடையப் பாக்காம நான் சீட்டுக் கட்டிருக்கேனா? புகையப் பாக்காம எப்படிப் புகைச் சீட்டு வாங்குதது?"

"அப்ப இரும்புக்குப் போடுங்க" என்றேன்.

"ஏட்டி, கெடுத்தது நாந்தான. நாந்தான் சரி பண்ணணும்."

அவ்வளவுதான், பத்து மாதம் எங்கள் உயிரை வாங்கினார். மாவுச் சட்டியிலிருந்து பழைய கார்பரேட்டரை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். சாப்பாட்டுத் தட்டில் கூட மண்ணெண்ணெய் வாடை. வடிகட்டிக்காக மதுரைக்கு மூன்று முறை போய், கடைசியில் வாங்கி வந்து மாட்டினார். எந்தக் குழாய் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிடுங்கினவன் குறித்து வைக்கவில்லை. கடம்பூரில் ஒருவரிடம் அதே மாதிரி வண்டி கைபடாமல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தினமும் பஸ் ஏறிப் போய் அந்த மனிதரின் பானெட்டுக்குள் தலையைவிட்டு நின்றார். திரும்பும்போது எங்கள் வாயை அடைக்கப் போளி வாங்கி வருவார். சர்க்கரை வியாதி உள்ள வீட்டுக்கு!

குழாய்களெல்லாம் ஒரே கறுப்பு, ஒரே தடிமன். நம்பர் போடுங்கள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கு நம்பர் நினைவில் நிற்காதாம், ஆள்தான் நிற்குமாம். கார்பரேட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மூக்கிலும் நம் குடும்பத்து ஆண் ஒருவரின் பெயரைச் சீட்டெழுதிக் கட்டினார். அதில் மாட்ட வேண்டிய குழாயின் முனையில் அவர் மனைவியின் பெயர். இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்தப் பானெட்டுக்குள் இருந்தீர்கள். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சீட்டெல்லாம் கட்டினார், மாட்டுவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது, "புகையப் பாக்காம சீட்டு வாங்கிராதட்டி." இதுதான் எனக்கு அவர் வைத்த கடைசி வார்த்தை. கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல், "சரிண்ணே" என்றேன்.

காரியம் முடிந்தபோது ஆர்.சி. முடிய இருபது நாள்தான் இருந்தது. அண்ணன் மகன் இரும்புக்குப் போடச் சொன்னான். நான் வாக்குக் கொடுத்துத் தொலைத்தேனே! அண்ணனுக்குப் பழக்கமான மெக்கானிக் செல்லப்பாவைக் கூட்டி வந்தேன். அவர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு முழித்தார்.

"யக்கா, இந்தப் பொன்னுத்தாயிக்கு மாப்பிள்ள யாரு?"

"சீனிச்சாமி மாமா" என்றேன்.

"அவிய இந்தா இருக்காவ. சரி, இந்தச் சரசு?"

"சரசு யாரு வீட்டுக்காரின்னு தெரியாமலா அவ கல்யாணத்துக்கு வந்தீரு?" என்றார்கள் மதினி. அண்ணன் போன பிறகு அவர்கள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, செல்லப்பா ஜோடி சேர்த்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் ஒரு மூக்கில் 'நான்' என்றிருந்தது. ஒரு குழாயில் 'அவ'. அதை மாட்டியாயிற்று. இன்னொரு குழாய் மிஞ்சியது. சீட்டில் 'தங்கச்சி'. மாட்டுவதற்கு மூக்கு இல்லை.

"இவியளுக்கு ஜோடி இல்ல போலுக்கு. அடச்சிரலாமாக்கா?" என்றார் செல்லப்பா. அவர் மனதில் ஒன்றும் இல்லை, குழாயைத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கல்யாண வீடுகளில் வாங்கிக்கொண்டது போதாதென்று காரிலுமா என்று அண்ணன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். "அடைங்க" என்றேன். பால்ரஸ் குண்டை வைத்து அடைத்தார்.

புகைக்குக் கொண்டுபோனோம். குச்சியை விட்டார்கள். ஃபெயில். அடுத்த நாள் கார்பரேட்டரைத் திருகிச் சரிபண்ணிக் கொண்டுபோனோம். மறுபடி ஃபெயில். ஆர்.சி. முடிய நாலு நாள். நம்பரை மட்டும் கேட்ட அந்த மனிதரிடமே போய்விடலாமா என்று, உள்ளதைச் சொல்கிறேன், போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் செல்லப்பா, ஸ்க்ரூ எதையோ போட்டுவைக்க வண்டியின் சாம்பல் கிண்ணத்தை இழுத்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு பித்தளைச் சாமான், ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்கிற மாதிரி மூன்று வாயோடு. அதன் நடுவில் சணல் கட்டி ஒரு சீட்டு. அண்ணன் கையெழுத்தில், 'வீடு'.

செல்லப்பா 'அவ' குழாயைக் கழற்றினார். 'நான்' என்ற மூக்கிலிருந்து ஒரு துண்டுக் குழாய் போட்டு அதன் ஒரு வாயில் மாட்டினார். இன்னொரு வாயில் 'அவ'. குண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூன்றாவது வாயில் 'தங்கச்சி'. வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். மதினி என் முதுகில் கையை வைத்தார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பானெட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அழுதேன்.

மறுநாள் காலை குச்சி விட்டுப் பார்த்துத்தான் புகைச் சீட்டு வாங்கினோம். ஆர்.சி.யும் ஆயிற்று.

வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற செல்லப்பாவுக்கும், தன் பானெட்டைத் திறந்து வைத்து அண்ணனைச் சகித்த கடம்பூர்ப் பெரியவருக்கும், ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்கும், பதினாறாம் நாள் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், கேட்காமலே பெயரைக் கடன் கொடுத்த அத்தனை மாமாக்களுக்கும் அத்தைமாருக்கும் எங்கள் வீட்டின் நன்றி.

அடுத்த கல்யாண வீட்டில் யாராவது கேட்கட்டும், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பானெட்டைத் திறந்து காட்டுகிறேன். ஆனாலும் அண்ணே, இதை ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்து போயிருக்கும்?