கதவுக்கு வெளியே ஒரு பொத்தான்

அப்பா கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தீராத எரிச்சலாக இருந்தது. சித்திரபுரத்துக்கு மேலே இருக்கிற எங்கள் எஸ்டேட்டில் மழைக்காலம் வந்துவிட்டால் மூடுபனி நேரே வீட்டுக்குள் வந்து கட்டிலில் ஏறி உட்காரும். அவருக்கோ நெஞ்சுச் சளி. தேயிலை பேக்டரியில் இலை அரைக்கும் மெஷின் பக்கத்திலேயே காலம் பூராவும் நின்றவர். அவர் ஓய்வு பெறும் முன்பே காது ஓய்வு பெற்றுவிட்டது. காதுக்கு வாங்கிக் கொடுத்த கருவியை, ஒரே இரைச்சல் என்று டப்பாவிலேயே மூடி வைத்துவிட்டார்.

அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறாள். அதனால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு எங்களிடம் இருக்கிறது. நான் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் அவர் தனியாள்.

"கதவ மூடுனா, வந்தவுக கூப்பிட்டுட்டுப் போயிருவாகல்ல?" என்பார். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. அம்மா கத்தினாள். அது எப்படியும் அவருக்குக் கேட்காது.

வயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் போர்டுகளைப் பற்றி அப்போதுதான் ஒரு வீடியோவில் பார்த்தேன். தீப்பெட்டி அளவுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் வைஃபையும். இரண்டு வரவழைத்தேன். நான் படித்தது பி.காம்., புரோகிராம் எழுத எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் அதற்கான மென்பொருளில் எடுத்துக்காட்டுகள் என்று ஒரு மெனு உண்டு. யாரோ முகம் தெரியாத புண்ணியவான்கள் எழுதி வைத்த சின்னச் சின்ன புரோகிராம்கள். முதலாவது, ஒரு விளக்கை மின்ன வைப்பது. அதுகூட எனக்கு மின்னவில்லை. பாதி ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்த பிறகுதான், என் கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டுமே லாயக்கானது என்று தெரிந்தது. வேறு கேபிளை மாட்டியதும் நீல விளக்கு கண்ணடித்தது.

"இது எதுக்குப் பிள்ள?" என்றார் அப்பா. சும்மா என்று கையை ஆட்டினேன். "சும்மாவுக்கா இம்புட்டு நேரம்?" என்றார்.

எனக்கு அந்த எடுத்துக்காட்டுகளைப் பிடித்துப்போனது. ஓர் எண்ணை மாற்றினால் மின்னும் வேகம் மாறும். ஒரு வரியை அழித்தால் எல்லாமே நின்றுபோகும். மறுபடி மெனுவிலிருந்து திறந்தால் ஒன்றுமே நடக்காதது போல முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். வாழ்க்கையில் வேறு யாரும் எனக்கு இந்தச் சலுகையைக் கொடுத்ததில்லை.

ஒரு போர்டில் பொத்தானை அழுத்தினால் இன்னொரு போர்டில் விளக்கு எரியும் எடுத்துக்காட்டு வரைக்கும் ஒருவழியாக வந்து சேர்ந்தேன். பொத்தானை வாசல் நிலையில் பொருத்தினேன். கட்டிலுக்கு எதிரே ஒரு சிவப்பு எல்இடி பட்டை. யாராவது அழுத்தினால் வெளிச்சம் வரும், போய்த் திறந்தால் போதும். அப்பா கதவை மூடினார். இருமல் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வாரங்களில் அப்பாவின் பேச்சும் குறைந்தது. அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பேக்டரில இருந்த வரைக்குந்தான் நம்மளத் தெரியும்போல. ஒருத்தரும் எட்டிப் பாக்கல" என்றார். நான் பாதிச் சோற்றில் எழுந்தேன். விளக்கில் கோளாறோ என்று போய் அழுத்திப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது.

எனக்கு விடுமுறையான ஒருநாள், அடுப்படியில் இருந்தபோது வெளியே குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா. "மாமா... இருக்கீகளா?" இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். பொத்தான் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தவும் என்று கொட்டை எழுத்தில் எழுதி வேறு ஒட்டியிருந்தேன். ஓடிப்போய் மறித்தேன்.

"ஏங்க்கா அமுக்கல?"

"நல்லாருக்கே! பெல்லடிக்க இது என்ன தொரை பங்களாவா? வாசல்ல நின்னு பெல்லடிச்சா மாமா என்ன நெனப்பாக?"

எனக்குக் கோபமாக வந்தது, அவள்மேல் இல்லை. நாள் முழுக்க விருந்தாளிகள் மணியடிக்கிற இடத்தில் வேலை பார்த்துப் பார்த்து, எங்கள் ஆட்கள் வாசலில் நின்று வாய்விட்டுக் கூப்பிடுகிறவர்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. வந்தவர்களெல்லாம் கூப்பிட்டார்கள். பதில் வராததால், தூங்குகிறார் என்று போய்விட்டார்கள்.

மறுபடி எடுத்துக்காட்டுகளைத் திறந்தேன். ஆள் அசைந்தாலே கண்டுகொள்ளும் சென்சாருக்கு ஒன்று இருந்தது. பொத்தானைக் கழற்றிவிட்டு அதை வைத்தேன். கோழி போனாலும் எரிந்தது, குரங்கு வந்தாலும் எரிந்தது. அப்பா சலிக்காமல் எழுந்து போய்த் திறந்தார்.

அந்த வாரமே அவரோடு மெஷினில் நின்ற பழைய கூட்டாளி வந்தார். கதவு திறந்ததும் சண்டைக்கு நின்றார்.

"எத்தனவாட்டி கூப்புட்டேன் மாப்ள! எம்மேல என்ன கோவம்?"

நான் அதை அப்பாவின் காதருகே போய்க் கத்திச் சொன்னேன். அப்பா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"நாந்தான் ஒங்களுக்கு வேண்டாதவனாயிட்டேன்னு இருந்தேன்" என்றார்.

அவர்கள் டீ குடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி பேசினார்கள். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

கூட்டாளி போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "வெளிச்சம் பொசுக்குன்னு அணைஞ்சிருது தாயி. நான் முட்டியப் புடிச்சு எந்திரிக்கணும்ல. கதவத் தொறக்குற வரைக்கும் நிக்கச் சொல்லு."

அப்படி ஓர் எடுத்துக்காட்டு மெனுவில் இல்லை. தப்பும் தவறுமாக நானே எழுதினேன். கதவில் ஒரு காந்த சுவிட்சை வைத்து, கதவு திறந்தால்தான் வெளிச்சம் அணையும் என்று செய்தேன்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வெளியே போய் வாசலில் நின்றேன். கதவிடுக்கில் சிவப்பு தெரிந்தது. கட்டில் முனகியது. அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வரும் சத்தம் கேட்டது. சாதாரணமாக நானே தள்ளித் திறந்துகொண்டு போய்விடுகிறவள்தான். அன்றைக்கு அவர் வந்து திறக்கும் வரைக்கும் நின்றேன்.