அறுபத்தேழு சென்டிமீட்டர்

பிரோஷ்கா கெரென்சேருக்குக் கோபம் வந்தால் மாவட்ட நீர்த்துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் எல்லாருக்கும் திடீரென்று வேலை முளைத்துவிடும். "மிளகாய்ப்பொடி வர்றா" என்று ஒருவருக்கொருவர் ஜாடை காட்டிக்கொண்டு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். ஐம்பத்திரண்டு வயது. கல்யாணத்தை ஒருதடவை செய்து பார்த்துவிட்டு, போதுமடா சாமி என்று வெளியே வந்தவள். மத்தியானச் சாப்பாடு மேஜையிலேயே முடிந்துவிடும்: பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி, அதன்மேல் வெங்காயம்.

இருபத்தாறு வருஷமாக அவள் செய்துவந்தது வெள்ள வரைபடம். எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தால் எந்தத் தெரு முழுகும், எந்த வீடு தப்பும் என்று கணக்கிட்டு, முழுகும் இடத்தைச் சிவப்பாகவும் தப்பும் இடத்தைப் பச்சையாகவும் காட்டவேண்டும். அந்தப் படத்தை நம்பித்தான் மணல்மூட்டை எங்கே அடுக்குவது, யாரை வீட்டைவிட்டுக் கிளப்புவது என்று முடிவு செய்வார்கள்.

அவளை வதைத்தது ஷால்கா என்ற சின்ன ஆறு. ஆஸ்திரியாவில் பிறந்து, எல்லை தாண்டி ஹங்கேரிக்குள் வருகிறது. தண்ணீரில் முக்கால்வாசி அங்கே பெய்கிற மழைதான். ஆனால் பிரோஷ்காவின் கணினியில் நிலம் எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் மேடு எது, பள்ளம் எது என்று ஒன்றும் கிடையாது. வெறும் வெள்ளை.

அண்டை நாட்டு அரசு அலுவலகங்கள் நிலத் தகவல்களை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. பிரோஷ்கா அந்தச் சட்டத்தின் எண்ணைக் குறிப்பிட்டே கடிதம் எழுதினாள். இணையதளத்தில் இருக்கிறது, பாருங்கள் என்று பதில் வந்தது. பார்த்தாள். படம் தெரிந்தது. உயரங்களை மட்டும் எடுக்கமுடியவில்லை. மறுபடி எழுதினாள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு படிவம் வந்தது. ஆற்று வெள்ளத்துக்கு என்று நிரப்பினாள். உங்கள் டைரக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். டைரக்டர் தார்சாய், அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக் காகிதத்தில் பேனா வைக்கமாட்டேன் என்றார். அந்த அனுமதி வர இரண்டேகால் வருஷம் ஆயிற்று.

ஒருவழியாகத் தகவல் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்த பிரோஷ்காவுக்குச் சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. எல்லையில் இந்தப் பக்கத்துப் புல்வெளியும் அந்தப் பக்கத்துப் புல்வெளியும் ஒட்டவில்லை. நடந்துபோனால் தட்டையாக இருக்கும் இடத்தில், கணினியில் ஒரு படிக்கட்டு நின்றது.

கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று எல்லாரும் சொல்கிறோம். எந்தக் கடல் என்பதில்தான் வில்லங்கம். ஆஸ்திரியாக்காரர்கள் திரியெஸ்தே துறைமுகத்துக் கடலை வைத்து அளக்கிறார்கள். ஹங்கேரிக்காரர்களுக்கு பால்டிக் கடல். ஒரே புல்லை இருவரும் அளந்தால், அங்கே சொல்லும் எண் இங்கே சொல்லும் எண்ணைவிட அறுபத்தேழு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். எந்தக் கடல் என்று எழுதிய விவரத்தாள் தகவலோடு வரவில்லை. அவள் வேலையில் ஊறியவள். பார்த்ததுமே பிடித்துவிட்டாள். பிடித்தால் போதாதே, அவர்கள் எழுத்தில் உறுதி தரவேண்டும்.

அன்றைக்கே குறிப்பு எழுதி தார்சாயின் மேஜையில் வைத்தாள். 'உயரம் சரிபார்க்கும்வரை இதைப் பயன்படுத்தக் கூடாது.'

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளிக்கிழமை திட்ட அறிக்கை போகணும் பிரோஷ்கா. ரெண்டு நாட்டுப் படமும் ஒண்ணா இருக்கா, இல்லையா?"

"ஒண்ணா இருக்கு டைரக்டர் ஐயா. ஆனா தப்பா இருக்கு."

"எவ்வளவு தப்பு?"

"அறுபத்தேழு சென்டிமீட்டர்."

"முழங்கால் அளவு கூட இல்லையே!"

"முழங்காலுக்கு மேல, ஐயா. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் மேல."

தார்சாய் குள்ளம். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு ஒரு வாரம் விடுப்பு பாக்கி இருந்ததைக் கண்டுபிடித்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் திரும்பி வருவதற்குள் அறிக்கையோடு படமும் போய்விட்டது. பக்கத்து மேஜைக்காரன் பொத்தானை அழுத்தியிருந்தான். பிரோஷ்கா கத்தினாள், இரண்டாவது குறிப்பும் எழுதினாள். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. பிற்பாடு அவளை அரித்தது அதுதான்.

அடுத்த ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஷால்கா பொங்கியது. எல்லையோரத்து ஒர்ஷோஃபா கிராமம் படத்தில் முழுக்கப் பச்சை. ஆகவே யாரையும் கிளப்பவில்லை. இருந்த ஆட்களையும் மணல்மூட்டைகளையும் ஆற்றங்கரையில் குவித்தார்கள். கரை அசையாமல் நின்றது. தண்ணீர் அந்த வழியாக வரவேயில்லை. ஆஸ்திரியப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு தாழ்வான இடம் உண்டு. கணினி அதை அறுபத்தேழு சென்டிமீட்டர் உயர்த்திக் காட்டி, தண்ணீர் இதைத் தாண்டாது என்று சொல்லியிருந்தது. தண்ணீர் தாண்டியது. சுற்றிக்கொண்டு, கரைக்குப் பின்னாலிருந்து ஊருக்குள் புகுந்தது. சர்ச்சில் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது பெஞ்சுகளுக்கு அடியில் நீர் ஓடியதாம்.

முப்பத்தோரு வீடு முழுகியது. ரோஜி என்ற கிழவியின் கணவர் தெஜோ, பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தவர். ஜன்னல் வழியாகத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். நனைந்த உடம்பு. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் போய்விட்டார்.

ஆனால் திங்கட்கிழமையன்று அவர் உயிரோடுதான் இருந்தார். அன்று பிரோஷ்கா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று குறிக்க ஒர்ஷோஃபாவுக்குப் போனாள். வேலியில் மெத்தையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ரோஜி, அவள் சட்டையிலிருந்த அலுவலக அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"படம் போட்டது நீதானே?"

"எங்க ஆபீஸ்தான், பெரியம்மா."

"ஆபீஸை நான் கேக்கல. ஆபீஸா வந்து பென்சில் பிடிச்சுது? என் வீடு பச்சைன்னு போட்டிருந்தீங்க. ஊராட்சித் தலைவர் படத்தைக் காட்டி, நீ எங்கயும் போகவேண்டாம்னாரு. படுத்த கிடையில இருக்கிற மனுஷன் மாரளவு தண்ணியில மிதந்தாரு. பச்சையாம் பச்சை! அதைக் கொண்டுபோய் உன் வீட்டுச் சுவத்துல மாட்டிக்க!"

நான் எழுதி வைத்தேன், என் பேச்சைக் கேட்கவில்லை என்று பிரோஷ்கா சொல்லியிருக்கலாம். நனைந்த மெத்தைக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. சுவரில் கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

விசாரணைக்கு அறிக்கை தயாராயிற்று. 'ஆஸ்திரியத் தரப்பு முழுமையற்ற தகவல் அனுப்பியது. வரைபடப் பிரிவில் கவனக்குறைவு.' கீழே பிரோஷ்கா கையெழுத்துப் போடவேண்டும்.

"கவனக்குறைவு யாருக்கு?" என்றாள்.

"பொதுவா எழுதியிருக்கோம். உன் பேர் எங்கயும் இல்ல, பாரு" என்றார் தார்சாய்.

"என் கையெழுத்து இருக்குமே. அதைவிடப் பேர் எதுக்கு?"

கையெழுத்துப் போடவில்லை. நேரே காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி, நாற்பது நிமிஷத் தூரத்திலிருந்த ஆஸ்திரிய அலுவலகத்துக்குப் போனாள். தகவலை அனுப்பியவர் அலோய்ஸ் பிரென்னர் என்று ஒருவர், ஒல்லியான உயரமான மனிதர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை கடிதத்தில் மட்டுமே தெரிந்தவர். பிரோஷ்கா வணக்கம்கூடச் சொல்லாமல் ஜெர்மனில் ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு தாள், பிரென்னர் சார்! எந்தக் கடல்னு எழுதின ஒரு தாளை வெச்சு அனுப்ப உங்களுக்கு என்ன கேடு?"

"அது தனிக் கோப்பு மேடம். அதுக்குத் தனியா விண்ணப்பம் போடணும்."

"தனியா விண்ணப்பமா! செருப்பு வாங்கினா இடது கால் செருப்புக்குத் தனியா விண்ணப்பம் போடச் சொல்வீங்களா?"

பிரென்னரின் முகம் சிவந்தது. எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்து, ஒரு கத்தைக் காகிதத்தை மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

"கத்தி முடிச்சாச்சா? இப்ப இதைப் படிங்க. ஷால்காவுல உங்க பக்கத்து மதகை எப்பத் திறப்பீங்க, எவ்வளவு திறப்பீங்கன்னு ஆறு வருஷமா உங்க ஆபீஸைக் கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்க மதகை மூடினா தண்ணி ஏறி வந்து எங்க பக்கத்து வயல்ல நிக்குது. பதினாலு கடிதம். ஒண்ணுக்காவது பதில் வந்துச்சா? நான் அந்த விவசாயிங்ககிட்ட எத்தனை தடவை திட்டு வாங்கியிருப்பேன் தெரியுமா?"

பதினாலும் தார்சாயின் பெயருக்கு எழுதப்பட்டவை. பிரோஷ்கா ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகப் படித்தாள். கோபம் தணியவில்லை. இத்தனை நேரம் பிரென்னர்மேல் இருந்தது, வந்த சாலையிலேயே திரும்பி ஹங்கேரிக்குப் போயிற்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் பிளம் சாராயம் ஊற்றினார். கார் ஓட்டணும் என்று மறுத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் எல்லைப் புல்வெளியில் அளவுகோலை நட்டார்கள். பன்னிரண்டு இடம். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு நாட்டு உயரமும் பக்கத்தில் பக்கத்தில். மாலைக்குள் முடிந்துவிட்டது. மூன்று வருஷமாக அனுமதிக்காகக் காத்துக்கிடந்த வேலை, ஒரு முழுப் பகல்கூடப் பிடிக்கவில்லை. "இதுக்காடா!" என்று பிரோஷ்கா சத்தமாகச் சொன்னாள். பிரென்னருக்கு அந்த ஹங்கேரிய மொழி புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

தெஜோவின் அடக்கம் முடிந்த மறுவாரம், ஒர்ஷோஃபா கலாச்சார மன்றத்தில் ஊர்க்கூட்டம். தார்சாய் மேடையில் நின்று, எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று ஆரம்பித்தார். பிரோஷ்கா நடுவரிசையிலிருந்து எழுந்தாள்.

"எதிர்பார்த்தோம்" என்றாள். "எழுதியும் வெச்சோம்."

தன் குறிப்புகள் இரண்டையும் தேதியோடு வாசித்தாள். பிரென்னரின் பதினாலு கடிதத் தேதிகளையும் வாசித்தாள். தார்சாய் "இது அதற்கான இடமில்லை" என்றார். "வேற எந்த இடத்துல சொல்லணும்?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். அதன்பிறகு அவர் பேசியது எதுவும் யார் காதிலும் விழவில்லை.

அப்போது ரோஜி எழுந்து பிரோஷ்காவைத்தான் கேட்டாள்: "தெரிஞ்சிருந்தும் ஏன் எங்ககிட்ட வந்து சொல்லல?"

"சொல்லியிருக்கணும் பெரியம்மா" என்றாள் பிரோஷ்கா.

விசாரணையின் முடிவில் தார்சாய் இன்னொரு துறைக்குப் போனார், அதே பதவியில். பிரோஷ்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது: அலுவலக ஆவணத்தைப் பொதுவில் வாசித்தது, அனுமதியின்றி வெளிநாட்டு அதிகாரியுடன் அளவெடுத்தது. பதவி உயர்வு ரத்து. இரண்டு நாட்டு அலுவலகங்களும் எட்டு மாதம் கழித்து, அவர்கள் இருவரும் எடுத்த அதே பன்னிரண்டு அளவுகளில் முத்திரை குத்தி, கூட்டு ஒப்பந்தம் என்று புகைப்படம் எடுத்துக்கொண்டன. அந்தப் புகைப்படத்தில் பிரோஷ்காவும் இல்லை, பிரென்னரும் இல்லை. புதிய வரைபடத்தில் ஒர்ஷோஃபாவின் பாதி சிவப்பு.

மார்ச் மாதம் பனி உருகி ஷால்கா மறுபடி ஏறியபோது, பிரென்னர் அலுவலக வழியையெல்லாம் விட்டுவிட்டு நேரே அவளுடைய கைப்பேசிக்கு அழைத்தார். "புல்வெளிக்கு இன்னும் நாலு மணி நேரம்" என்றார். பிரோஷ்கா ஊராட்சித் தலைவரை ஒலிபெருக்கியோடு தெருவில் இறக்கிவிட்டு, தானும் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். மத்தியானத்துக்குள் சிவப்பில் இருந்த வீடுகள் அத்தனையும் காலி, ஆட்கள் எல்லாரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில். தண்ணீர் தாழ்வான இடத்தைத் தொட்டு, ஒரு மணி நேரம் தயங்கி நின்று, வந்தவழியே இறங்கிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும்போது ரோஜி பிரோஷ்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"வாத்தோட கோழியோட என்னை மேட்டுக்கு ஏத்துன. ஒரு சொட்டு வந்துச்சா? ராத்திரி பூரா ஜிம்னாஸ்டிக் மெத்தையில படுத்து இடுப்பு போச்சு!"

"அடுத்த தடவையும் ஏத்துவேன்" என்றாள் பிரோஷ்கா.

"ஏத்துவே, ஏத்துவே! முன்னாடி ஏத்தியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ரோஜி வாத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்தக் கூடையின் மறுபக்கத்தைப் பிரோஷ்கா பிடித்துக்கொண்டாள். கிழவி தடுக்கவில்லை.