பதம் பார்க்கிறவர்

"முக்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழைவார். கையில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெட்டியிலிருந்து தலைமுடிப் பருமனில் ஒரு கண்ணாடி இழை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இழையின் நுனியை, குடிக்கக் கொடுக்கப்போகும் திரவத்தில் பணிப்பெண் முக்கிப் பார்த்துவிட்டாளா என்பதுதான் கேள்வி. ஆனால் அது முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே காலையில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

"ஆறு மணிக்கே ஆச்சு தம்பி. சிரமமே இல்ல" என்று ஜன்னலோரக் கட்டில்காரர் பதில் சொல்வார்.

"எனக்கு மூணு நாளா இல்ல. மாத்திரை ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று எதிர்க் கட்டில் அம்மாள் கேட்பார்.

முதல் நாள் இதையெல்லாம் அவர் பணிவாகக் குறித்துக்கொண்டார். இரண்டாம் நாளே 'முக்கு சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. இப்போது அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறார்.

அந்த இல்லத்தில் புரையேறுகிறவர்கள் ஒன்பது பேர். புரையேறுவது சிரிப்புக்குரிய விஷயமில்லை. தொண்டைத் தசை தளர்ந்தவருக்குத் தண்ணீர் வழி தவறி நுரையீரலில் இறங்கும். பிறகு காய்ச்சல், பிறகு நிமோனியா, பிறகு கட்டில் காலி. அதனால் அவர்கள் குடிக்கும் எதிலும் ஒரு பொடியைக் கலக்கிக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும். எண்ணெய்ப் பதம், தேன் பதம், பசைப் பதம் என்று ஆளுக்கொரு பதம் எழுதிவைத்திருக்கும். கலக்குகிற கைதான் தகராறு. ஒருத்தி பத்து சுற்று சுற்றுவாள், இன்னொருத்தி போனில் பேசிக்கொண்டே மூன்று சுற்றோடு நிறுத்திவிடுவாள். அதற்குத்தான் அவர் உருவாக்கிய இந்தப் பெட்டி.

"நாய் வாலாட்டுற மாதிரிதாம்மா" என்று அவர் யாருக்கும் சலிக்காமல் விளக்குவார். "இந்த இழைக்குள்ள வெளிச்சம் ஓடுது. நுனியை ஒரு ஆட்டு ஆட்டி விடுவோம். தண்ணியா இருந்தா ரொம்ப நேரம் ஆடிக்கிட்டே இருக்கும். தேனா இருந்தா உடனே அடங்கிடும். எவ்வளவு நேரம் ஆடுச்சுன்னு வெளிச்சம் வந்து சொல்லிடும். அவ்வளவுதான்."

"கடிக்குமா?" என்று எதிர்க் கட்டில் அம்மாள் கேட்பார்.

"உடைஞ்சா குத்தும்மா" என்பார் அவர். சொல்லிவிட்டுத் தன் சட்டைக் கையை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுப்பார். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துணுக்கு எங்கேயும் தங்கிவிடக் கூடாது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் தோளையும் ஒருமுறை ஒற்றி எடுத்து வசவு வாங்கியிருக்கிறார்.

வயது நாற்பத்தேழு. எதைப் பார்த்தாலும் பதம்தான். முடிதிருத்துகிறவர் நுரையைக் குழைக்கும்போது "இன்னும் கொஞ்சம் தண்ணி விடலாம்" என்பார். வீட்டில் டீயைக் கரண்டியில் அள்ளிச் சொட்டு எண்ணுவார். ஆறினால் கெட்டிப்படும் என்பார். "ஆறின டீயைக் கெட்டின்னு சொல்ற மனுஷன்கிட்ட என்னைத் தள்ளிவிட்டுட்டாங்களே" என்று மனைவி தன் அக்காவிடம் போனில் சொல்வது அவர் காதில் விழும்படிதான் இருக்கும். மாமியார் பேச்சு பசைப் பதம் என்பது அவருடைய கணிப்பு. அதை வீட்டில் சொல்லாத அளவுக்கு விவரம் உண்டு. அலுவலகத்தில் அந்த விவரம் இல்லை. மேலாளர் ஒரு மணி நேரம் பேசி முடித்ததும் "சார், கடைசியில கொஞ்சம் நீர்த்துப்போச்சு" என்று சொன்னவர் இவர்.

அந்த மேலாளர்தான் கெடு வைத்திருந்தார். இரண்டு மருத்துவமனைகள் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டன. இந்த இல்லத்தின் பெரிய நர்ஸம்மா பத்து நாள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் பெட்டி பிழைக்கும். இல்லாவிட்டால் மூன்று வருட வேலையை மூட்டை கட்டிவிட்டு அவர் பழையபடி ஆலையில் கிரீஸ் பதம் பார்க்கப் போகவேண்டும்.

"கிரீஸ் எப்படி இருந்தா என்ன? அதை யாரும் குடிக்கிறதில்ல" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும்.

பத்தாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு எல்லோர் முன்னும் பரீட்சை. நர்ஸம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சக்கர நாற்காலியில் முன்வரிசையில் வக்கீல். பக்கவாதம் வந்து தொண்டை தளர்ந்தவர். வாதம் மட்டும் தளரவில்லை. எட்டு மாதமாக அவருக்குத் தேன் பதம்தான். "தண்ணியைக் கரண்டியில அள்ளித் தின்னுக்கிட்டிருக்கேன்" என்பது அவருடைய தினசரி முறையீடு.

எண்ணெய்ப் பதம் சரியாக வந்தது. தேனும் பசையும் தவறவில்லை. கடைசியாக, ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, கூஜாவிலிருந்து வெறும் தண்ணீரை ஊற்றி இழையை முக்கினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் பெரிய எழுத்தில் வந்தது: தேன் பதம்.

வக்கீல் அதை ஒருமுறை உரக்கப் படித்தார்.

"எழுத்துல வந்தாச்சு. தண்ணி தேன் பதம். எனக்கு அனுமதிச்ச பதம். யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றவர், அதே கூஜாவைத் தன் நல்ல கையால் இழுத்துத் தன் டம்ளரை நிரப்பிக்கொண்டார்.

"ஐயா, கீழ வைங்க" என்று நர்ஸம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு வரத் தொடங்கினார்.

"பத்து நாளா தப்பே வராதுன்னு சொன்னது யாரு?" என்று வக்கீல் முக்கு சாரைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான் சார்."

"அப்ப குடிக்கலாம்."

முக்கு சார் பூதக்கண்ணாடியை எடுத்து இழையைப் பார்த்தார். கடுகில் பாதிகூட இல்லை, ஒரு காற்றுக் குமிழி நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. வாலைப் பிடித்தால் நாய் எப்படி ஆட்டும்? தட்டிவிட்டு மறுபடி அளக்க அரை நிமிடம் போதும். டம்ளர் வக்கீலின் உதட்டுக்கு வர அவ்வளவு நேரம் ஆகாது.

அவர் எட்டி டம்ளரைப் பறித்தார். வைக்க இடம் தேடவில்லை. வக்கீலின் கை பின்னாலேயே வந்ததால், அண்ணாந்து முழுவதையும் தன் வாய்க்குள்ளேயே கவிழ்த்துக்கொண்டார்.

புரையேறிவிட்டது.

கண் பிதுங்க இருமினார். நர்ஸம்மா முதுகில் நாலு தட்டுத் தட்டினார்.

"பாத்து தம்பி" என்றார் வக்கீல். "உங்களுக்கும் கெட்டியாக் கலந்து தரச் சொல்லட்டுமா? மெஷின் என்ன சொல்லுது, அதைச் சொல்லுங்க."

பேச மூச்சில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த பெட்டியை ஒரு கையால் சுட்டிக்காட்டி, இருமிக்கொண்டே, மற்றக் கையை நர்ஸம்மாவின் பேனாவுக்கு நேராக, கையெழுத்து வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார் முக்கு சார்.