காக்கா தட்டியதற்குப் போட்ட நாடகம்

என் அப்பாவை நான் மேடையில் ஐம்பது அறுபது தடவையாவது சாகடித்திருப்பேன். இங்கிலாந்தில் நூலகங்களிலும் சர்ச் மண்டபங்களிலும் நான் ஒற்றையாளாக நடிக்கும் ஒரு மணி நேர நாடகம் அது. ராஜபாளையத்தில் மில் வேலையை விட்டுவிட்டு, தாயில்லாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குளிருக்குள் போய் இறங்கிய ஒரு மனிதரும் அவர் மகனும், இங்கிலீஷ் நாடகம் என்றாலே எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வரும் அந்த ஆளைக் கண்டுபிடித்த கதை. அப்பாவும் நானே, மகனும் நானே. கடைசியில் அப்பா செத்துப்போவார். நிஜ அப்பாவோ ஓய்வுபெற்று ராஜபாளையத்துக்கே திரும்பிவந்து, தினமும் காலையில் கைவீசி நடந்துகொண்டிருந்தார்.

கதை பெரும்பாலும் நடந்ததுதான். நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகங்களிலிருந்து தலையணை கனத்துக்கு அந்த ஆளின் நாடகத் தொகுப்பு ஒன்றை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். அந்த நாட்டில் இருக்க வேண்டுமென்றால் இதைப் படித்தே ஆக வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இருவரும் உரக்க வாசிப்போம். ராஜா வேஷம் எப்போதும் அவருக்கு. ராணி, மந்திரி, பேய், வாயிற்காவலன் எல்லாம் எனக்கு. அர்த்தம் இருவருக்குமே தெரியாது. ராஜா சாகிற இடம் வந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு, நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் நீட்டிப் படுத்துவிடுவார். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். ராஜா செத்தால் பொசுக்கென்று எழுந்திருக்கக் கூடாது என்பது அவருடைய நாடகக் கொள்கை.

எனக்கோ நாடகத்துக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. உயிரோடு இருக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு எப்படி முடிப்பதென்று தெரியவில்லை, கொன்றுவிட்டேன். நல்ல கைதட்டல். நாடகம் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் வந்து என் கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

சாவுக் காட்சியை யாரோ எடுத்த வீடியோத் துண்டு ஒன்று வாட்ஸப் வழியாகச் சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அத்தைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அவள் அதை அண்ணனுக்கு அனுப்பிவைத்தாள். அப்பா ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டார். மொட்டைமாடியில் வேட்டி காயப்போடும்போது காக்கா வந்து தலையில் தட்டிவிட்டுப் போனதாம். காக்கா தலையில் தட்டினால் உயிருக்கு ஆகாது என்பார்கள். அதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். ஆள் போய்விட்டார் என்று சொந்தக்காரர்களுக்குப் பொய்யாகச் சேதி சொல்லி, அவர்கள் நிஜமாகவே அழுதுவிட்டால் கண்டம் கழிந்துவிடும். முப்பது வருஷம் சீமையில் இருந்துவிட்டு இதையா நம்புகிறீர்கள் என்று கேட்டேன். நம்பவில்லை, ஆனால் தட்டிய இடம் இன்னும் வலிக்கிறது என்றார்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காலத்தில் பொய்ச் சேதி எடுபடுவதில்லை. செத்தவருக்கே வீடியோ கால் போட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். அத்தை செட்டியார்பட்டிச் சொந்தக்காரர்களுக்கு ஒரு சேதி விட்டுப் பார்த்திருக்கிறாள். இப்போதுதானே டீக்கடையில் பார்த்தோம், வடை தின்றுகொண்டிருந்தாரே என்று பதில் வந்திருக்கிறது.

"என்னையக் கொல்லுறதுக்குத்தான் நீ நல்லாப் பழகியிருக்கியே," என்றார் அப்பா. "இங்க வந்து ஒரு தடவ கொன்னுட்டுப் போ."

லீவு போட்டுவிட்டு வந்தேன். நாடகத்தைத் தமிழில் ஆக்கி, இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாடகத்தன்று காலையில், நான் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, எல்லாரும் அழுவார்களா என்று கேட்டார். அங்கே சர்ச் மண்டபத்தில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்கள் என்றேன்.

"அவனுக்கு என்னையத் தெரியாது, அழுதான். இவியளுக்குத் தெரியும்லே," என்றார். "நான் யாரு சாவுக்கும் வந்து நிக்கல. எனக்கு எதுக்கு அவிய அழணும்?"

உண்மைதான். பெரியப்பா இறந்தபோது வரவில்லை, அத்தை புருஷன் இறந்தபோதும் வரவில்லை. லீவு இல்லை, டிக்கெட் இல்லை, விசாவில் ஏதோ சிக்கல். காக்கா தட்டியது தலையில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவியைக் கண்டெடுத்து, காரை எடுக்கப் போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தையின் சம்பந்தி வீட்டுக் கல்யாண மண்டபம். காலை பத்தரைக்கு நாடகம், முடிந்ததும் சாப்பாடு. வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி மாடல் அபசகுனம் என்று அத்தை மறுத்துவிட்டதால், கடைக்காரர் காதுகுத்து மாடலில் அடித்துக் கொடுத்திருந்தார். எழுபத்திரண்டு வயது அப்பா, பலூன்களுக்கும் பொம்மை யானைக்கும் நடுவில் முறைத்துக்கொண்டிருந்தார். சுந்தரபாண்டியத்திலிருந்தும் மகாராஜபுரத்திலிருந்தும் வேன் வைத்து வந்தவர்கள், மற்ற நடிகர்கள் எங்கே என்று கேட்டார்கள். நான் ஒருவன்தான் என்றதும் பரிதாபப்பட்டார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர், ஆள் கிடைக்காவிட்டால் தான் வேண்டுமானால் ராஜாவாக நிற்பதாகச் சொன்னார்.

நாடகம் ஆரம்பித்தது. அப்பாவைப் போலத் தொண்டையைச் செருமினேன். மண்டபம் சிரித்தது. அப்பாவைப் போல வேட்டியை மடித்துக்கட்டி நாலு எட்டு நடந்தேன், முன்வரிசையில் ஒரு மதினி நாற்காலியை விட்டே சரிந்துவிட்டாள். இவ்வளவு நாள் அவரை நேருக்கு நேர் கேலி செய்ய யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை போலிருக்கிறது. சாவுக் காட்சி வந்தால் அடங்கிவிடுவார்கள் என்று நம்பினேன். நாற்காலியிலிருந்து சரிந்தேன். பின்னாலிருந்து விசில் வந்தது. பட்டாளத்து மாமா எழுந்து நின்று ஒன்ஸ் மோர் கேட்டார். இன்னொரு தடவை செத்தேன். முதல் தடவையைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். பக்கத்தில் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்து வந்த கண்ணீர்தான். கண்ணீர் கண்ணீர்தானே, கணக்கில் சேரும் என்று அண்ணனைத் தேற்றினாள். சேராது என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து மேடைக்கு வந்தார். ராஜா இப்படியா விழுவான் என்று என்னை ஒதுக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய சமையலறையில் சரிந்த மாதிரியே மெல்லச் சரிந்து, நீட்டிப் படுத்து, கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் விசில் அடிக்க அங்கே குக்கர் இல்லை. அப்பா எழுந்திருக்கவே இல்லை. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகக் குறைந்துகொண்டே வந்து நின்றது. அத்தை நாற்காலியை விட்டு எழுந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்த மாதிரி இல்லை. படியேறி வந்து, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"எண்ணே, எம்புருசன் கிடந்தப்ப வாரேன் வாரேன்னு போன்ல சொன்னியே. நீ வருவேன்னு ஒரு நாள் முழுக்கத் தூக்காம வச்சிருந்தமே."

அவ்வளவுதான். பெண்கள் எல்லாரும் மேடைக்கு வந்துவிட்டார்கள். தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவரவர் வீட்டுச் சாவுக்கு அப்பா வராததைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நாடகத்துக்கு அழத் தெரியாதவர்களுக்கு, நீட்டிப் படுத்த ஆளுக்கு அழத் தெரிந்திருந்தது. பட்டாளத்து மாமா துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். நான் பேச வேண்டிய கடைசி வசனம் ஒன்று இருந்தது. அதில் ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை.

அழுது முடித்ததும் அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையில் தண்ணீர் ஊற்றாமல் யாரும் பந்தியில் உட்காரக் கூடாது என்று அறிவித்தாள். மண்டபத்தில் வேலை செய்தது ஒரே ஒரு குழாய். பட்டுச்சேலைகளும் வெள்ளைவேட்டிகளும் வரிசையில் நின்றன. சாம்பார் ஆறுகிறது என்று சமையல்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். செத்தவரும் தலைமுழுக வேண்டுமா என்று மாமா சந்தேகம் கேட்க, அது பற்றி ஒரு விவாதம் நடந்தது. முடிவுக்குக் காத்திராமல் அப்பா வரிசையில் போய் நின்றுகொண்டார். இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். ஈரத்தலையோடு அப்பா யார் யார் அழுதார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணை மூடியிருந்தாலும் குரலை வைத்து எல்லாரையும் கண்டுபிடித்திருந்தார். ராஜபாளையம் வீடுகள் தெரிய ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீ அழலயேலே."

"நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாத்துக்கிட்டே நின்னேம்ப்பா."

"ஏறி இறங்குச்சா?"

"நடுவுல செத்த நேரம் ஏறல."

அப்போது வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துக்கொண்டேன் என்றார். அதுதான் நடிப்பு என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். நான் ஓரமாக ஒரு மாங்காய் மண்டி முன்னால் காரை நிறுத்தினேன். அதற்குமேல் ஓட்ட முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, எந்த நாடகத்திலும் அழாத மாதிரி அசிங்கமாக அழுதேன். அப்பா என் முதுகில் கை வைத்தார்.

"இப்ப எதுக்குலே அழுவுற," என்றார். "அதான் கழிஞ்சிருச்சுல்ல."