ஜமால் பாய் உயிர் கொடுத்த டேப்

ஜமால் பாய் போய்விட்டார். விடியற்காலையில் நெஞ்சுவலியாம்... மதியத் தொழுகை முடிந்து அடக்கம். போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

காரைக்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். நான் ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல், பூப்போட்ட சிமெண்ட் கல், செய்கிறவன். போன வருடம்தான், அறுபத்தெட்டு வயதில், எழுதப் படிக்கக் கற்றேன்.

மெதுவாகத்தான் எழுத வருகிறது. இதற்குள் மூன்று தடவை எழுந்து வாசல்வரை நடந்தாயிற்று... இருப்புக்கொள்ளவில்லை.

மகள் தந்த பழைய டேப், பலகை மாதிரிப் பெரிய செல்போன். எழுத்துப் பழகும் ஆப் அதில் ஏறவே இல்லை. போன கடையில் எல்லாம் "தூக்கிப் போடுங்க" என்றார்கள்.

பாய் மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டேப் நல்லாத்தான்யா இருக்கு. கம்பெனிக்காரக அப்டேட் விடுறத நிப்பாட்டிட்டாக. வெளியாளுக எழுதின சிஸ்டம் ஒண்ணு இருக்கு, ஏத்திப் பாப்பமா?"

"ஒரேயடியாச் செத்துப்போச்சுன்னா பாய்?"

"இப்ப மட்டும் ஓடிக்கிட்டா இருக்கு?"

ஏறிக்கொண்டிருக்கும்போது தொழுகை நேரம் வந்துவிட்டது. "நீங்க தண்ணித் தொட்டியில ஊறப்போடுற கல்லு மாதிரி கெடக்கட்டும். தொட்டுறாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திடீரென்று திரை கறுத்தது. பயந்துபோய்ப் பக்கவாட்டில் இருந்த பட்டனை அமுக்கிப் பிடித்தேன்... அவ்வளவுதான், டேப் செத்துப்போனது. நாற்பது வருடம் ஈரக் கல்லை இறுகும்வரை தொடாமல் இருந்த கை, கால் மணி நேரம் சும்மா இருக்கவில்லை.

பாய் வந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "ஃபைலத் தப்பா ஏத்திட்டேன் போலய்யா. என் தப்புதான், மன்னிச்சுக்கங்க."

நான் வாயே திறக்கவில்லை.

நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினார். ஐந்தாம் நாள் டேப் எழுந்தது! மொழி கேட்ட இடத்தில் "தமிழ்" என்று இருந்ததை நானே படித்து, நானே தொட்டேன். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அன்றே சொல்லியிருக்கலாம்.

அதற்கப்புறம் யார் பழைய டேப் கொண்டுவந்தாலும், "ஒருக்காத் தப்புப் பண்ணிட்டேன், பயமா இருக்கு" என்று திருப்பி அனுப்பினார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்... அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துக்கொண்டு.

சொல்லத்தான் போன வாரமும் போனேன். கடையில் கூட்டம். "அய்யா, என்ன படிச்சீக இன்னைக்கு?" என்று கேட்டார். பஸ் போர்டு படித்த கதையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாய்... நீங்கள் ஏற்றிய ஃபைல் சரியானதுதான். பட்டனை அமுக்கியது நான்.

அல்லா உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.